சின்ன எழுத்தில் இரண்டு கட்டம்

ஐம்பதுகளின் நடுவில் ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடைக்கு வாரம் ஒருமுறை என் பெயருக்கு ஒரு பொட்டலம் வரும். பெங்களூர் பஸ்ஸின் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போவார். நான் போய் வாங்கி வருவேன். உள்ளே இருப்பது பெங்களூரின் பட்டாளப் பகுதியான கண்டோன்மெண்டில் நடன மண்டபங்களுக்கு வாசிக்கிற ஒரு பேண்டின் இசைத் தாள்கள். அவற்றைப் பிரதி எடுத்து அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவதுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிழைப்பு.

எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், அங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் எல்லை ஊரான அத்திப்பள்ளியைத் தாண்டி வருகிற எதையும் செக்போஸ்டில் பிரித்து முகர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை எங்கள் பொட்டலத்தையும் பிரித்தார்களாம். போலீஸ்காரர் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்துவிட்டு, "கன்னடமும் இல்ல, தெலுங்கும் இல்ல. இது என்னா பாஷைப்பா?" என்று கேட்டிருக்கிறார். "வெள்ளக்காரன் பஜனைப் பாட்டுங்க" என்று கண்டக்டர் சொன்னதும் விட்டுவிட்டார். கண்டக்டர் சொன்னதில் பெரிய தப்பில்லை. இருட்டின பிறகு கூடிப் பாடி ஆடுகிற சமாசாரம்தானே அதுவும்.

என் வீட்டுக்காரர் யுத்தகாலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அங்கே பேண்டில் சாக்ஸஃபோன் கற்றுக்கொண்டவர். பட்டாளத்தை விட்டு வந்ததும் கண்டோன்மெண்ட் பேண்டில் டெனர் சாக்ஸஃபோன் வாசிக்கச் சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது, என் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஊதறாரு" என்றான். அந்தச் சொல்லை வைத்து எங்கள் வீட்டில் என்னை ஒரு வருஷம் ஓட்டினார்கள்.

கல்யாணமாகிச் சில வருஷம் பெங்களூரில் ஒற்றை அறையில் இருந்தோம். அவர் பேண்டோடு வாசித்து நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்த மண்டபங்களுக்குள் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. வீட்டில் ஊதினால் வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பழகிவிட்டு வருவார். எனக்குக் கிடைத்ததெல்லாம் எப்போதாவது ஒரு நீண்ட ஒற்றைச் சுரம்தான். "ஒரு பாட்டு முழுசா வாசிங்களேன்" என்றால், "கூட ஆளுங்க இல்லாம அது பாட்டு இல்ல. பாதிச் சோறு எதுக்கு?" என்று சொல்லிவிடுவார்.

பிறகு இருமல் வந்தது. காசம் என்றார் டாக்டர். இனி ஊதக் கூடாது, புகை மண்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது, நல்ல காற்று வேண்டும் என்றார். அதனால் என் பிறந்த ஊரான ஓசூருக்கு வந்துவிட்டோம். வாத்தியம் பேண்டுக்குச் சொந்தமானது, அதைத் திருப்பிக் கொடுத்தார். வாயில் வைத்து ஊதுகிற கறுப்புத் துண்டு மட்டும் அவருடையது. அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார். ஊத முடியாதவருக்கு எழுதுகிற வேலை கொடுத்தார் பேண்டு மாஸ்டர். நல்ல மனிதர், கண்டோன்மெண்டுக் கிறிஸ்தவர், எங்களைவிட வயதில் மூத்தவர். வேலை இரண்டு பேருக்கு இருந்தது. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்த எனக்கு இன்னொரு எழுத்து பெரிய மலையாகத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் மைப்புட்டி.

வேலை இதுதான். மாஸ்டர் அனுப்பும் மூலத்தில் எல்லா வாத்தியமும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அதைப் பிரித்து ஒவ்வொரு ஆளுக்கும் அவன் வாசிக்க வேண்டியதை மட்டும் தனித் தாளில் எழுத வேண்டும். பாட்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். தாளின் தலையில் எண், வரிக்கு நான்கு கட்டம், பேண்டுக்காரர்கள் அதைப் பார் என்பார்கள். பக்கம் திருப்புகிற இடத்தில் அந்த ஆளுக்கு ஓய்வு இருக்கும்படி பார்த்து எழுத வேண்டும், இரண்டு கையாலும் வாத்தியத்தைப் பிடித்திருப்பவன் எந்தக் கையால் திருப்புவான்?

ஐந்து கோட்டுக்கு மேலே கார்ட் பெயர்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு சுரம் சேர்ந்து ஒலிப்பதை அவர்கள் கார்ட் என்பார்கள். அதற்கு ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு குறி. எந்தத் தாளத் தட்டில் அது மாறுகிறதோ அந்தத் தட்டுக்கு நேர் மேலே எழுத வேண்டும். ஓர் இம்மி தள்ளிப் போனால் பியானோக்காரர் தள்ளி அடிப்பார். இந்தக் குறிகளில் ஊருக்கு ஒரு பழக்கம். மேஜர் என்கிற சந்தோஷமான கார்டுக்குப் பெரிய எம், மைனர் என்கிற சோகமான கார்டுக்குச் சின்ன எம் என்று எழுதுவோர் உண்டு. என் வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "மங்கின வெளிச்சத்துல பெருசு எது சின்னது எது? ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் அழுவான்" என்பார். அதனால் மைனருக்கு எம், ஐ என்று இரண்டெழுத்து. ஏழு என்ற எண்ணை ஒன்று என்று யாரும் படித்துவிடாமல் இருக்க அதன் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. பேண்டு முழுவதும் அந்தக் குறிகளுக்குப் பழகிவிட்டது.

சில கட்டங்களில் சுரமே இருக்காது. சாய்ந்த கோடுகள் மட்டும், தட்டுக்கு ஒன்றாக. மேலே கார்ட் பெயர். அப்படியென்றால் அந்தக் கார்டுக்குள் உன் மனசுக்குத் தோன்றியதை வாசி என்று அர்த்தம். முதன்முதலில் இதைப் பார்த்தபோது, "அப்ப இந்தத் தாளை எழுதறதுக்கு நாம எதுக்கு?" என்று கேட்டேன். "வேலி போடறதுக்கு" என்றார். "உள்ள என்ன பயிர் வைக்கிறான்றது அவன் பாடு."

இன்னொன்று க்யூ. ஒருவனுக்கு நீண்ட ஓய்வு வருகிறது என்று வையுங்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் தப்பிவிடும். அதனால் அவன் நுழைய வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் வேறொருவன் என்ன வாசிப்பானோ அதை இவன் தாளில் சின்ன எழுத்தில் எழுதி, மேலே அந்த வாத்தியத்தின் பெயரைப் போடுவோம். சின்ன எழுத்தில் இருப்பது காதுக்கு. பெரிய எழுத்தில் இருப்பது வாய்க்கு. பேண்டில் யாரும் இதைத் தாண்டமாட்டார்கள். பெரிய எழுத்தில் எது இருந்தாலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வாசித்தே ஆக வேண்டும்.

தப்பாக எழுதினால் அடிக்கக் கூடாது, பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே எழுத வேண்டும். என் எழுதுகோல் பெட்டியில் எப்போதும் பாதி பிளேடு ஒன்று கிடக்கும்.

அவர் என்மேல் கோபப்பட்டது ஒரே ஒருமுறை. நாற்பத்தொன்றாம் எண் பாட்டு அவரே பெங்களூரில் இருந்த கடைசிக் காலத்தில் கட்டிக் கொடுத்தது, மெதுவாகப் போகிற பாட்டு. கிழிந்துபோன ட்ரம்பெட் தாளுக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். சின்ன எழுத்து க்யூவின் மேல் ஒரு கால்புள்ளி இருந்தது. ஏதோ மை தெறித்தது என்று விட்டுவிட்டேன். அவர் ஒத்துப் பார்க்கும்போது தாளை மேசைமேல் போட்டார்.

"அது மூச்சுக்குறி. அந்த இடத்துல வாசிக்கிறவன் மூச்சு எடுக்கணும்."

"இத்தனூண்டு புள்ளிக்கா இவ்வளவு?"

"காப்பி எடுக்கறவங்க ஒண்ணும் சேக்கவும் கூடாது, ஒண்ணும் விடவும் கூடாது."

முகம் சிவந்து இருமினார். நான் கால்புள்ளியை வைத்துக் கொடுத்தேன். ஒரு புள்ளிக்கு இத்தனை வீறாப்பா என்று அடுப்படியில் போய் முணுமுணுத்தேன்.

ஓசூருக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கடைசி மாதங்களில் அவருடைய மூச்சுதான் அந்த வீட்டில் பெரிய சத்தம். குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டவர் இழுப்பது போலச் சட்டென்று ஒரு சின்ன இழுப்பு, பிறகு வார்த்தை. பேசும்போது வாக்கியத்தின் நடுவில், சாப்பிடும்போது கவளத்தின் நடுவில், தூக்கத்தில் எங்கே வேண்டுமானாலும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நானும் தூங்கினேன். அது நின்ற மத்தியானம் தெருவில் வண்டிக்காரன் மாட்டை அதட்டுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

காரியம் முடிந்ததும் மாஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வேலையைத் தொடர்ந்து செய்றியாம்மா? ஆனா அதே குறி வேணும். பசங்களுக்கு அதுதான் கண்ணுல நிக்குது." சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அதே குறி என்றுதான் அவர் கேட்டார். வந்தது அதே கை. நான் பேனாவை எடுத்தால் என் வீட்டுக்காரருடைய ஏழு வரும், இடுப்பில் கோட்டோடு. அவர் கட்டத்தின் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்து விடுவார், என் கோடும் அப்படியே இழுத்துக்கொண்டு போனது. நான் அப்படி எழுத நினைக்கவில்லை. கொடியில் காயப்போட்ட தாள்களைத் திரும்பிப் பார்த்தால் எது அவர் எழுதியது, எது நான் எழுதியது என்று எனக்கே தெரியாது. சில நாள் மை தொட்டுவிட்டு, புட்டியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைப்பேன். அவர் கைக்கு எட்டட்டும் என்று. பிறகு புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஓய்வுக் கட்டங்களை எண்ணும்போதுதான் மோசம். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு எண்ணும், எங்கோ நடுவில் அந்த இழுப்பு கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வாசலில் கட்டச் சொன்னாள். நான் கட்டவில்லை. பயமாக இருந்தது உண்மை. ஆனால் அது நின்றுபோய்விட்டால் என்ன செய்வது என்பதும் பயமாக இருந்தது.

அப்போதுதான் அவர் பேண்டில் என்ன வாசித்தார் என்று பார்க்கிற வெறி வந்தது. காதால் கேட்கவில்லை, சரி. எனக்குத்தான் இந்த எழுத்து தெரியுமே, கண்ணால் படித்துக்கொள்ளலாமே. மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பி, அவருடைய பழைய டெனர் தாள்களைக் கட்டோடு வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கிற பகுதியெல்லாம் சுரம் சுரமாக இருந்தது, அது யார் வாசித்தாலும் ஒன்றுதான். அவர் எழுந்து நின்று தனியாக வாசிக்கிற இடம் வந்தால் அங்கே சாய்கோடு. சாய்கோடு, சாய்கோடு, மேலே கார்ட் பெயர். நாற்பத்தொன்றிலும் அப்படித்தான், பக்கத்தின் பாதி சாய்கோடு. வேலி மட்டும் இருந்தது. உள்ளே இருந்ததை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். அன்று அழுதது போல அவர் போன அன்றுகூட நான் அழவில்லை.

அடுத்த கோடையில் மாஸ்டர் நேரில் வந்தார். கையில் நாற்பத்தொன்றின் ட்ரம்பெட் தாள், என் வீட்டுக்காரர் கோபப்பட்ட பிறகு நான் கால்புள்ளி வைத்துக் கொடுத்த அதே தாள். வெயிலில் வந்த மனிதருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொல்லத் தயங்கினார்.

"ஒரு சின்ன வேலைம்மா. இந்த க்யூவை எடுத்துடணும்."

"ஏங்க மாஸ்டர்?"

"நம்ம ட்ரம்பெட்டுக்காரன் தடுமாறறான். டெனர் தனியா வாசிச்சு முடிக்கறப்போ இவன் உள்ள வரணும். இத்தனை நாள் டெனருக்கு ஆளே அமையல, இப்ப புதுசா வந்திருக்கற பையன் வேற மாதிரி முடிக்கிறான். நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா இவன் பழைய முடிவுக்கே காத்துக்கிட்டு நிக்கறான். எண்ணுடாங்கறேன். எண்ணறேன் மாஸ்டர், ஆனா அவரு இன்னும் முடிக்கலையேங்கறான். ஒவ்வொரு தடவையும் லேட்டு."

"யாரு முடிக்கலையாம்?"

மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் வீட்டுக்காரர்தான். தனியா வாசிக்கறது அவருக்கு தினம் ஒண்ணா இருக்கும். ஆனா முடிக்கறது மட்டும் எப்பவும் ஒண்ணு, ட்ரம்பெட்டுக்காரனுக்காக. அதைத்தான் க்யூவா எழுதி வச்சாரு."

நான் அந்தத் தாளை வாங்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். மேலே டெனர் என்று எழுதியிருந்தது, நானே எழுதியது. கீழே சின்ன எழுத்தில் இரண்டு கட்டம். கட்டுக்கட்டாக அவருடைய தாள்களைப் புரட்டித் தேடியவள் நான். அது இன்னொருவன் தாளில், என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. அந்தத் தனி வாசிப்பில் எழுத்தாகத் தங்கியது அந்த இரண்டு கட்டம்தான். அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்.

"எடுத்துட்டா எங்கயும் இருக்காதே மாஸ்டர்" என்றேன்.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் பொட்டலத்துல அனுப்பாம நேர்ல வந்தேன்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். தாளில் எழுதியிருப்பது மேடையில் நடக்க வேண்டும். நடக்காத ஒன்றைக் காதுக்கு என்று எழுதி வைத்தால் அது பொய். செத்தவருக்காக ஓர் ஆள் தினம் காத்துக்கொண்டு நிற்பது எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னைத் தவிர இன்னொருவருக்கும் அவர் கேட்கிறார் என்று இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு அது பிழைப்பு, தினமும் பிந்தினால் யார் வைத்துக்கொள்வார்கள்?

"எடுத்துடறன்" என்றேன். "ஆனா சும்மா எடுக்க மாட்டன். டெனர் தாள்ல கடைசி ரெண்டு கட்டம் சாய்கோடு இருக்குதில்ல, அங்க இதைப் பெரிய எழுத்துல எழுதிடறன். புது ஆளு மத்ததெல்லாம் அவரு இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். முடிக்கறது மட்டும் எழுதினபடி முடிக்கட்டும். அப்ப உங்க ட்ரம்பெட்டுக்காரரும் தானா உள்ள வந்துடுவாரு, க்யூவே வேணாம்."

மாஸ்டர் மோர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "அவன் கொஞ்சம் ரோஷக்காரன்."

"எழுதியிருந்தா வாசிச்சுத்தானே ஆவணும்?"

சிரித்துவிட்டார். "நல்லாக் கத்துக்கிட்ட தாயி. சரி, எழுது."

அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போவதாகச் சொன்னார். காவேரிப்பட்டினத்து மாங்காய் மண்டிக்காரர், மகன் கல்யாணத்துக்கு இங்கிலீஷ் பேண்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாம். "தாளை நானே அங்க கொண்டாரன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் தாளில் ஒரே முறையில் எழுதப்படுகிற வாத்தியங்கள், அதனால் சுரத்தை மாற்ற வேண்டியதில்லை. ட்ரம்பெட் தாளில் இருந்ததை அப்படியே டெனர் தாளில் பெரிதாக எழுதிவிட்டு, பிறகுதான் க்யூவைச் சுரண்டினேன். கால்புள்ளி வந்தபோது கை நின்றது. ஒன்றும் சேர்க்கவும் கூடாது, ஒன்றும் விடவும் கூடாது. வைத்தேன்.

கிருஷ்ணகிரிக்குப் போன அன்று குந்தாரப்பள்ளியில் சந்தை. பஸ்ஸுக்குள் ஆட்டுக்குட்டிகள், மேலே கூடைகள். தாள்களைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கிடா அதையும் முகர்ந்து பார்த்தது, செக்போஸ்டுப் போலீஸ்காரர் போலவே.

நான் பந்தலுக்குள் போகவில்லை. நெற்றியில் பொட்டில்லாதவள் கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தால் பெண் வீட்டார் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் பின்பக்கமாக வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள், என் தலைக்கு நேர் மேலே. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

பொழுது சாய்ந்ததும் வாசித்தார்கள். குதித்துக் குதித்து ஓடுகிற பாட்டுகள் முதலில். மண்டிக்காரரின் சொந்தபந்தங்களுக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை, பாயசம் பிடித்திருந்தது. பிறகு மெதுவாக ஒன்று ஆரம்பித்தது. கேட்டதில்லை என்றாலும் எழுதியவளுக்குத் தெரியாதா? கட்டம் கட்டமாக எனக்கு முன்னால் தாள் விரிந்தது. பியானோவுக்குப் பதில் கொண்டுவந்திருந்த ஆர்மோனியப் பெட்டியில் கார்டுகள் நான் எழுதிய தட்டிலேயே மாறின. நாற்பத்தொன்று.

டெனர் எழுந்திருக்க வேண்டிய இடம் வந்தது. புது ஆள் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். சாய்கோடுகளை எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு அந்த இரண்டு கட்டம். சுரங்கள் மேலே ஏறின. ஏறி, ஒரு படி இறங்கி, நடுவில் சட்டென்று நின்றன. என் தலைக்கு மேலே குழாயில் ஓர் இழுப்பு கேட்டது. குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டவர் இழுக்கிற அதே சின்ன இழுப்பு. பிறகு மூன்று சுரம். ட்ரம்பெட் சரியாக உள்ளே வந்தது.

நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் அவர் நிற்கிறார் என்றே நினைத்தேன். சந்தோஷமா என்றால் இல்லை. அவர் மூச்சு நின்ற மத்தியானத்துக்கு முந்தின ராத்திரிகள் எல்லாம் திரும்ப வந்து மேலே விழுந்தன.

இடைவேளையில் பேண்டுக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் வந்து காப்பி குடித்தார்கள். நான் தெருவைத் தாண்டிப் போனேன். ட்ரம்பெட்டுக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நடு வயது, தொங்கு மீசை. முகம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு அவரு வந்துட்டுப் போனாரும்மா" என்றார். "அந்த மூச்சு. அதை வச்சுத்தான் நான் எப்பவும் உள்ள வருவேன்."

புது டெனர்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நெஞ்சு அகன்ற ஆள். கையில் இருந்தது என் வீட்டுக்காரர் வாசித்த அதே வாத்தியம், கீழ்வளைவில் எனக்குத் தெரிந்த நெளிசல்கூட அப்படியே இருந்தது. எழுதினது நான்தான் என்று மாஸ்டர் சொன்னதும் தாளை எடுத்துக் காட்டினார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? இந்த இடத்துல எதுக்கும்மா மூச்சு? ரெண்டே ரெண்டு பார். சின்னப் பையன்கூட ஒரே மூச்சுல வாசிச்சுடுவான். எழுதியிருக்கேன்னு எடுத்தேன். எனக்கு வேண்டியதில்ல."

நான் தாளைப் பார்த்தேன். யாருக்கும் வேண்டியதில்லாத இடத்தில் ஒரு மூச்சு. டாக்டரிடம் போவதற்கு முன்னால், இருமல் என்று ஒன்று வருவதற்கும் முன்னால், பெங்களூரில் அவர் கட்டிய பாட்டு. இரண்டு கட்டத்தைத் தாண்ட அப்போதே அவருக்கு முடியவில்லை. முடியாத இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதையே ட்ரம்பெட்டுக்காரனுக்கு அடையாளமாக்கி, பாட்டின் அழகு போலக் காட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நான் அதை மை தெறித்தது என்று விட்டேன், அதற்குத்தான் அவ்வளவு கோபம். அங்கே வைத்து அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தக் குறியாலும் எழுத முடியாது. அந்த ஆத்திரம் அத்தனையும் உள்ளுக்குள் இரக்கம்தான்.

பையிலிருந்து எழுதுகோல் பெட்டியை எடுத்தேன். சமையற்காரர்கள் காய் நறுக்குகிற பலகையின் ஓரத்தில் தாளை வைத்தேன். பிளேடின் முனையால் அந்தக் கால்புள்ளியை மட்டும் சுரண்டினேன். நகத்தால் தேய்த்துவிட்டேன்.

ட்ரம்பெட்டுக்காரர் பதறிவிட்டார். "அம்மா, அது அவரு வச்சது."

"தெரியுங்க. சுரம் இருக்கட்டும். இனிமே அவரு இழுத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"அப்ப நான் எப்படி உள்ள வர்றது?"

"எண்ணுங்க" என்றேன். மாஸ்டர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தெருவில் இறங்கினேன். அந்த மெதுப் பாட்டை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி மண்டிக்காரர் கேட்டாராம், இதைப் பின்னால் மாஸ்டர் சொன்னார். சாலை முனையில் நிற்கும்போது குழாயில் அது திரும்ப ஆரம்பித்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கதவைத் தட்டினார், "சித்த இருங்க" என்று கையைக் காட்டினேன். சாய்கோடுகள் போயின. சுரங்கள் மேலே ஏறின, ஒரு படி இறங்கின, நிற்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தன. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்காமல் வாசித்ததை அன்றுதான் கேட்டேன்.